பார்த்தேன் என்றால் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்கமத்தின்போது விலங்கியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பறவைகளைப் பத்தி ஏதாவது பேசுங்க சார், கொஞ்சம் சுவாரசியமா இருக்கட்டும்" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வவுச்சரோடும் லெட்ஜரோடும் குடும்பம் நடத்தியவனிடம் சுவாரசியத்தை எதிர்பார்ப்பது அவர்களுடைய துணிச்சல். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது பறவைகளைப் பற்றிக் கொஞ்சம்தான். பறவையைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களைப் பற்றியும், அந்தச் சொல்லைச் சரிபார்க்கிறவர்களைப் பற்றியும்தான் அதிகம்.

காலையில் நம் துறைக்குள் நுழைந்தபோது, வளாகத்தில் கண்ட பறவைகளை மாணவர்கள் எழுதிவைக்கும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நல்ல முயற்சி. அதில் ஒரு பறவையின் பெயருக்குப் பக்கத்தில் ஆசிரியர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். எழுதிய தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தார். "என் கண்ணால பார்த்தேன் சார். கேள்விக்குறி போட்டா நான் பொய் சொல்றேன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். முகம் வாடியிருந்தது. நியாயமான கேள்வி. இதே கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு கமிட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னால் தம்பிக்கும் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' என்று ஒரு மாத இதழ். நூறாண்டைத் தாண்டிய பத்திரிகை. அதன் சார்பில் 1959இல் 'அரிய பறவைகள் கமிட்டி' என்று ஒன்றை அமைத்தார்கள். ஓட்டுப் போடும் உறுப்பினர்கள் பத்துப் பேர். எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் பறவை பார்க்கிறவர்கள். சம்பளம் கிடையாது. அரசாங்க உத்தரவு கிடையாது. அங்குள்ள பறவை ஆர்வலர்கள் பாதி மரியாதையோடும் பாதிக் கிண்டலோடும் 'பத்து அரிய மனிதர்கள்' என்று இவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்!

யாராவது ஒருவர் வழக்கமாக அந்த நாட்டுக்கு வராத பறவையைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? முதலில் எழுத வேண்டும். எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணி, வெளிச்சம் எப்படி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், அலகு என்ன நிறம், கால் என்ன நிறம், பறக்கும்போது இறக்கையில் கோடு தெரிந்ததா, குரல் கேட்டதா, கூட வேறு யார் இருந்தார்கள், இந்தப் பறவையை இதற்கு முன் பார்த்த பழக்கம் உண்டா. அதைவிட முக்கியமாக, இதே சாயலில் உள்ள மற்றப் பறவை இது இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? படம் இருந்தால் படம், ஒலிப்பதிவு இருந்தால் அது. அந்த மாவட்டத்துப் பதிவாளர் வழியாக இந்தக் கட்டு கமிட்டிக்குப் போகும். அவரும் சம்பளம் வாங்காத தொண்டர்தான். அந்தக் காலத்தில் தபாலில் ஒவ்வொரு உறுப்பினர் வீடாகச் சுற்றியது, இப்போது கம்ப்யூட்டரில் சுற்றுகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே படித்து, ஏற்கலாமா கூடாதா என்று காரணத்தோடு எழுதுவார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் சரி என்றால் ஏற்பு. சிலர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் சேர்த்து வைத்துக் கட்டு மறுபடி ஒரு சுற்று போகும். சில கட்டுகள் வருஷக்கணக்கில் சுற்றுவதும் உண்டு. நம்ம ஊர் பட்டா மாறுதல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஆனால் நடுவில் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

கமிட்டி உறுப்பினரே ஓர் அரிய பறவையைப் பார்த்தாலும் அவரும் எழுதித்தான் அனுப்ப வேண்டும். வங்கியில் வவுச்சர் போட்டவரே அதைப் பாஸ் பண்ணக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தந்த பாடம். அதே விதி. அதோடு ஒரே ஆட்கள் காலம் பூராவும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாது. மூத்த உறுப்பினர்கள் முறைவைத்து விலக வேண்டும். புதியவரை மாவட்டப் பதிவாளர்களும் பறவை நோக்கு நிலையங்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் கமிட்டி அறிக்கை வெளியிடும். ஏற்கப்பட்ட பதிவில் பறவையின் பெயரோடு பார்த்தவர்களின் பெயரும் இருக்கும். ஏற்கப்படாத பதிவுகளுக்குக் கடைசியில் தனிப் பட்டியல். அதில் பறவை, இடம், தேதி மட்டும். பார்த்தவர் பெயர் இருக்காது. யாரையும் ஊரறிய அவமானப்படுத்துவதில்லை. 'இந்த ஆதாரத்தை வைத்து நிரூபணமாகவில்லை' என்பது மட்டுமே தீர்ப்பு. அதற்காக மனஸ்தாபமே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். அடிக்கடி நம்ப முடியாத பறவைகளாகவே பார்க்கிறவர்களுக்கு அங்கே 'ஸ்ட்ரிங்கர்' என்று ஒரு வசைப்பெயரே இருக்கிறது. அந்தப் பெயர் வந்துவிட்டால் போவது கடினம். ஆனால் அது டீக்கடைப் பேச்சு. கமிட்டியின் ஏட்டில் அதற்கு இடமில்லை.

எது அரியது என்பதும் நிலையானதல்ல. நம் வயலில் உழவு நடக்கும்போது வரிசை கட்டி நிற்கிறதே சின்னக் கொக்கு, கறுப்பு அலகும் மஞ்சள் பாதமுமாக? அதை இங்கிலாந்தில் பார்த்தவர்கள் ஒரு காலத்தில் இந்தக் கமிட்டிக்கு விவரம் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது! வரத்து கூடக் கூட, 1990களின் தொடக்கத்தில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1996இல் தென்கரையில் உள்ள பிரௌன்சி தீவில் கூடுகட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது. இன்று அங்கே யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, நம்மைப் போலவே.

சரி, ஒரு பறவைக்கு இத்தனை கெடுபிடி எதற்கு என்று தோன்றும். அவர்கள் பட்ட பாடு அப்படி.

இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஹேஸ்டிங்ஸ் என்று ஒரு கடற்கரை ஊர். 1892 முதல் 1930 வரை அந்த வட்டாரத்திலிருந்து மட்டும் நம்ப முடியாத அளவுக்கு அரிய பறவைகள் வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலானவை சுடப்பட்டவை. ஜார்ஜ் பிரிஸ்டோ என்ற, பறவைகளைப் பாடம் பண்ணுகிறவரின் கைவழியாகப் பல வந்தன. அந்நாளில் பணக்காரர்கள் பறவைகளைச் சேகரித்தார்கள். ஒரே பறவைக்கு வெளிநாட்டில் சுட்டது என்றால் ஒரு விலை. இங்கிலாந்து மண்ணில் சுட்டது என்று சீட்டு இருந்தால் பல மடங்கு விலை. சீட்டில்தான் காசு இருந்தது! வெளிநாட்டில் சுட்ட பறவைகள் கப்பலில் ஐஸில் வைத்துக் கொண்டுவரப்பட்டன என்ற சந்தேகம் வெகுநாளாக இருந்தது. ஆனால் நிரூபிப்பது எப்படி?

1962 ஆகஸ்டு மாத 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழில் மாக்ஸ் நிக்கல்சனும் ஜேம்ஸ் ஃபெர்குசன்-லீஸும் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்து எழுதினார்கள். கூடவே ஜான் நெல்டர் என்ற புள்ளியியல் அறிஞரின் கட்டுரை. நம் புள்ளியியல் துறை நண்பர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், பின்னாளில் 'ஜெனரலைஸ்டு லீனியர் மாடல்' கொண்டுவந்த இருவரில் ஒருவர். அவர் செய்தது எளிமையான காரியம். ஹேஸ்டிங்ஸ் வட்டாரப் பதிவுகளைச் சுற்றியுள்ள பகுதிகளின் பதிவுகளோடும், அதே வட்டாரத்தின் பிற்காலப் பதிவுகளோடும் ஒப்பிட்டார். சாதாரண அரிய பறவைகள் எங்கும் ஒத்துப்போயின. மிக மிக அரியவை மட்டும் அந்த ஊரில், அந்தக் காலத்தில் மட்டும் குவிந்து கிடந்தன. தணிக்கைக்கு வரும் ஆபீசர் ஒரே ஒரு கிளையில் மட்டும் நகைக்கடன் வீங்கிக் கிடப்பதைப் பார்த்தவுடன் புருவத்தை உயர்த்துவாரே, அதுதான்.

விளைவு? 29 பறவை இனங்களும் உள்ளினங்களும் பிரிட்டிஷ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் உண்மையாகவே அந்த நாட்டுக்கு வந்து, முறையான பதிவுகளோடு மறுபடி பட்டியலில் ஏறிவிட்டன. அந்தப் பறவைகள் வரக்கூடியவைதான். ஆனால் 'வரக்கூடியது' என்பது 'வந்தது' ஆகிவிடாது இல்லையா?

இது மோசடி. மோசடியே இல்லாமல், நல்லவர்கள் நல்ல கண்ணோடு பார்த்தும் சிக்கல் வரும். நம் கோடிக்கரைக்குக் குளிர்காலத்தில் நீண்டு வளைந்த அலகோடு கோட்டான்கள் வரும். இரவில் அலறும் கோட்டான் வேறு, நான் சொல்வது சேற்றில் இரை தேடும் கரைப்பறவை. அதன் உறவுக்காரன் மெல்லலகுக் கோட்டான். சைபீரியாவில் குஞ்சு பொரித்து மத்தியதரைக்கடல் பக்கம் குளிர்காலத்தைக் கழித்த பறவை. 1998 மே மாதம் இங்கிலாந்தின் வடகிழக்கில் ட்ரூரிட்ஜ் விரிகுடாவில் ஒரு பறவையைப் பார்த்து, இது மெல்லலகுக் கோட்டான் என்றார்கள். பலர் வந்து பார்த்தார்கள், வீடியோவும் எடுத்தார்கள். அரிய பறவைகள் கமிட்டி விசாரித்தது. நாட்டுக்கே முதல் பதிவு என்றால் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்தின் பதிவுக் குழுவும் பார்க்க வேண்டும், அதுவும் பார்த்தது. 2002இல் ஏற்றார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமை!

பத்தாண்டுக்கு மேல் கழித்து அதே ஆதாரங்களை மறுபடி எடுத்தார்கள். சாதாரணக் கோட்டானிலேயே சிறியதாக, வழக்கத்துக்கு மாறாக இருக்கும் பறவைகளைப் பற்றி இதற்குள் நிறையத் தெரிந்துவிட்டது. இந்த ஆதாரம் போதாது என்று முடிவு செய்து பதிவை நீக்கிவிட்டார்கள். நீக்கியது வெறும் ஒரு வரியை என்றா நினைக்கிறீர்கள்? மெல்லலகுக் கோட்டான் அழிந்துவிட்டதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025இல் அறிவித்தது. அதைக் கடைசியாக ஐயத்துக்கு இடமின்றிப் பார்த்தது 1995 பிப்ரவரியில், மொராக்கோ நாட்டுக் கரையில். ட்ரூரிட்ஜ் பதிவு நின்றிருந்தால் ஓர் இனத்தின் கடைசித் தேதியே மாறியிருக்கும், இடமும் மாறியிருக்கும். அவ்வளவு பெரிய பதிவை ஏற்றவர்களே திரும்ப எடுத்துக்கொள்வதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீடியோவில் உள்ள பறவையைத் தங்கள் வாழ்நாள் பெருமையாக வைத்திருந்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"அதெல்லாம் இங்கிலாந்துக் கதை, நமக்கென்ன?" என்கிறீர்களா? நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மத்திய இந்தியக் காடுகளில் ஒரு சிறு ஆந்தை உண்டு. ஆங்கிலத்தில் ஃபாரஸ்ட் ஆவ்லெட். 1884க்குப் பிறகு அதன் உண்மையான மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கர்னல் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர், 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் ஒன்றைத் தாமே சுட்டதாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். பெரிய மனிதர், ராணுவ அதிகாரி, யார் சந்தேகப்படுவார்கள்? அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. 1990களில் அமெரிக்க அறிஞர் பமீலா ராஸ்முசன் அவருடைய மாதிரிகளை நுணுகி ஆராய்ந்தார். அந்த ஆந்தை, 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் சேகரித்த மாதிரி! அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து, பஞ்சை மாற்றி அடைத்து, புதுச் சீட்டுக் கட்டியிருந்தார்கள். பொய்ச் சீட்டைத் தள்ளிவிட்டுப் பழைய உண்மையான சீட்டுகளில் இருந்த இடங்களை நோக்கிப் போனார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, ஆந்தை மரத்தில் உட்கார்ந்திருந்தது. 113 வருஷம் கழித்து!

இன்று நம் நாட்டிலும் 'இ-பேர்ட்' தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பறவைப் பட்டியல் போடுகிறார்கள். உங்களில் பலர் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்திருப்பீர்கள். அங்கேயும் வட்டாரத்துக்கு வழக்கமில்லாத பறவையை எழுதினால், சம்பளமில்லாத ஒரு சரிபார்ப்பாளர் "இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்று பணிவாக ஒரு கடிதம் அனுப்புவார். நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் உங்கள் சொந்தப் பட்டியலில் அந்தப் பறவை இருக்கும். ஊருக்குப் பொதுவான வரைபடத்தில் மட்டும் ஏறாது. உங்கள் நினைவு உங்களுக்கு, பொது ஏடு எல்லோருக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு பட்டியல் போடுவதையே நிறுத்திய நண்பர்களை எனக்குத் தெரியும். பாவம், கேட்டவர் இரவு சாப்பாடு முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து எழுதியிருப்பார்.

ஆகவே தம்பி, பென்சில் கேள்விக்குறி உன் மேல் போட்டதில்லை. பதிவேட்டில் நீ எழுதியிருந்தது பறவையின் பெயரும் தேதியும் மட்டும். இருபது வருஷம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறக்கும் மாணவிக்கு உன்னைத் தெரியாது, உன் நாணயமும் தெரியாது. அவளுக்கு உன் எழுத்து மட்டும்தான் கிடைக்கும். அடுத்த முறை பறவை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போதே நோட்டில் எழுது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் எழுது, ஏனென்றால் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டால் காணாத கோடும் கண்ட மாதிரி ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுது. "கால் புல்லில் மறைந்திருந்தது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் சரிபார்க்கிறவருக்கு நம்பிக்கை கூடும், குறையாது.

துறைத் தலைவரிடம் ஒரு சின்ன வேண்டுகோள் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் 'விவரம்' என்று ஓர் அகலமான பத்தியும், 'சரிபார்த்தவர்' என்று ஒரு சின்னப் பத்தியும் சேர்க்கலாம். அடுத்த பதிவேட்டுக்கான அச்சுச் செலவை எங்கள் வகுப்பு நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம். சரிபார்க்கும் குழுவில் மூன்று மாணவர்கள், ஓர் ஆசிரியர், வெளியிலிருந்து ஒருவர் இருக்கட்டும், ஆண்டுக்கு ஒருவராவது மாறட்டும். அந்த வெளியாள் நானாக இருக்க வேண்டும் என்று தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு மட்டும் என்றால் சம்மதம்.

 சாப்பாட்டு மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகிறது.