ஸ்விட்ஸர்லாந்துப் பயணத் திட்டம்



ஏழு நாளில் ஏழு நகரங்களைக் காணப் பட்டியல் எழுதுவது நம்மவர் வழக்கம். ஸ்விட்ஸர்லாந்துக்கு அது ஒவ்வாது. பெரும்பாலான வண்டிகள் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் புறப்படும் கால அட்டவணை, 1982 முதல் அந்நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. (ரயில்வே குமாஸ்தாவுக்கு அதைப் படிப்பதே ஒரு விருந்து!) ஆகவே மூட்டை முடிச்சுகளுடன் ஊர் ஊராக அலைய வேண்டுவதில்லை. தூன், பிரியென்ஸ் ஏரிகளுக்கு இடையிலுள்ள இன்டர்லாகனில் தங்கினால், பெர்ன் நகரம் ஒரு மணி நேரத்துக்குள். லூசெர்ன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இரவுக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

பலருடைய பணம் பாழாவது யுங்ஃபிராவ்யோக் பயணத்தில்தான். 1912-இல் திறக்கப்பெற்ற அந்நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாறையைக் குடைந்து பாதை அமைத்திருக்கிறார்கள். நாட்டைச் சுற்றிவர உதவும் 'ஸ்விஸ் டிராவல் பாஸ்' உச்சிவரை முழுதும் செல்லாது. மேற்பகுதிக்குத் தள்ளுபடி மட்டுமே. எஞ்சிய கட்டணமே நம்மனோர்க்குப் பெருந்தொகை. மேகம் மூடினாலோ, மேலே வெண்மையன்றி வேறொன்றும் தெரியாது! ஆதலின் அதற்கென நாள் குறிக்காதீர்கள். உச்சியின் நேரடிக் காட்சியைக் காலையில் திரையில் காணலாம். வானம் தெளிந்த நாளில் சீட்டு வாங்குங்கள். மற்ற நாட்களுக்கு ஏரிப் படகுகள் இருக்கின்றன. பாஸ் அவற்றுக்கும் செல்லும்.

செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் செல்லும் 'கிளேசியர் எக்ஸ்பிரஸ்' வண்டிக்குப் பாஸுக்கு மேல் முன்பதிவுக் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன. சில இடங்களில் வண்டி மாறவேண்டும்; ஆயினும் அதே 291 பாலங்கள், அதே 91 சுரங்கங்கள். சில பெட்டிகளில் சன்னலைத் திறந்து காற்று வாங்கலாம். சிறப்பு வண்டியில் அதற்கு வழியில்லை.