ஒரு வீட்டுக்கு ஒரே சமையல்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். இனி சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம். தலைப்பைத் தேர்ந்தெடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு நம் மாடிப்படியில் ஏறிவந்தாலே போதும். ஒரு வீட்டில் "ஒரே ஒரு வாய்டா கண்ணு" என்று கேட்கும். அடுத்த வீட்டில் "சாப்பிட்டாத்தான் போன்" என்று கேட்கும். அதற்கும் மேல் மாடியில், எல்லோருக்கும் சாதம் வடித்து முடித்த அடுப்பில் சின்னவனுக்காக நூடுல்ஸ் கொதிக்கும். அம்மா கடைசியாகச் சாப்பிட உட்காரும்போது மணி பத்தாகிவிடும்.

உடையார்பாளையம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான். ஒரு விஷயத்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன். "எங்க வீட்டுல இவன் சாம்பாரையே தொட மாட்டான் டீச்சர்" என்று அம்மா சொல்லிவிட்டுப் போவார். மதியம் அதே பையன் தட்டை நீட்டி இரண்டாம் முறை சாம்பார் சாதம் கேட்பான். எங்கள் சாம்பார் உங்கள் வீட்டுச் சாம்பாரைவிட ருசி என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய அண்டாவில் வைப்பது, வீட்டு ருசி வராது. அப்படியானால் ஏன் சாப்பிட்டான்? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1956இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. அது படிப்படியாகக் கூடி, 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு ஒன்றியத்தில் சோதனையாகக் கலவை சாதம் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. தக்காளி சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம், கறுப்புக் கொண்டைக்கடலைப் புலாவு, கறிவேப்பிலை சாதம் என்று நாளுக்கு ஒன்று. முட்டையும் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று மாறி மாறி வரும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அதற்கும் ஒரு பட்டியல் உண்டு.

இதில் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. கலவை சாதம் வந்தபோது அரிசி, பருப்பு, காய், முட்டை எதுவும் மாறவில்லை. அவற்றின் உருவம்தான் மாறியது. வாங்குவது அதேதான், செய்யும் விதம் வேறு.

சரி, பள்ளியில் பிள்ளை ஏன் சாப்பிடுகிறான்? நான் கண்ட காரணங்கள் நான்கு.

ஒன்று, பசி. காலையில் சாப்பிட்டதற்கும் மதிய மணி அடிப்பதற்கும் நடுவில் பிஸ்கட் டப்பா கிடையாது. இரண்டு, நேரம். மணி அடித்தால் சோறு, தினமும் அதே மணி. மூன்று, பந்தி. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் கீரையைத் தின்பதைப் பார்த்துக்கொண்டே இவனும் ஒரு வாய் வைக்கிறான். நான்கு, யாரும் கெஞ்சுவதில்லை. அத்தனை பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒருவன் பின்னால் கிண்ணத்தோடு ஓட எங்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறானா, வைக்கட்டும். சோறு உள்ளே போகிறது அல்லவா?

இந்த நான்கையும் நம் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொண்டுவர முடியும்.

அதற்கு முன் ஒரு கவலையைத் தீர்த்துவிடுகிறேன். "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், அதுக்கப்புறம்தான் சாப்பாடே இறங்கல" என்று இளம் தாய்மார்கள் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 3 கிலோவில் பிறக்கும் குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. இரண்டாம் வருஷத்தில் கூடுவது சுமார் 2, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயதுவரை புதிய உணவைக் கண்டால் தயங்குவதும் அந்த வயதின் குணம். இதில் உங்கள் வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை.

எல்லின் சட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இந்த விஷயத்தில் ஒரு வேலைப் பங்கீடு சொல்லியிருக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. யோசித்துப் பார்த்தால் நம் கல்யாணப் பந்தியும் இதேதான். இலையில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வைக்கிறோம். விருந்தாளி பாகற்காயைத் தொடாவிட்டால் யாரும் வாயில் திணிப்பதில்லை. அதே சமயம் அவருக்கென்று தனியாக அடுப்பு மூட்டுவதும் இல்லை. வீட்டுப் பிள்ளைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: ஒரு வீட்டுக்கு ஒரே சமையல். ஆனால் அந்தச் சமையலில், பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய ஒரு பொருள் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் சாதமோ, தயிரோ, தோசையோ, வாழைப்பழமோ, ஏதாவது ஒன்று. மற்றது எதையும் தொடாவிட்டாலும் அதைச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொள்வான். பட்டினி என்ற பயம் உங்களுக்கும் இருக்காது, அவனுக்கும் இருக்காது.

செய்முறையில் சில யோசனைகள்.

காரம் போடுவதற்கு முன் பிள்ளையின் பங்கை எடுத்து வையுங்கள். குருமாவோ கூட்டோ காய் வெந்து பருப்பு சேர்ந்ததும் ஒரு கரண்டி தனியே எடுத்துவிட்டு, பிறகு மிளகாய்த்தூள் போடுங்கள். இது இரண்டாவது சமையல் இல்லை, ஒரே பாத்திரம்தான்.

சில பிள்ளைகளுக்குக் கலந்தால் பிடிக்காது. சாதம், பருப்பு, பொரியல் மூன்றையும் தட்டில் தனித்தனியாக வையுங்கள். சில பிள்ளைகளுக்குக் கொழகொழப்பு ஆகாது. வெண்டைக்காயைக் குழம்பில் ஒதுக்குகிறவன் மொறுமொறுவென்று வறுத்தால் தின்பான். ருசியைவிட நாக்கில் படும் பதம்தான் பல பிள்ளைகளுக்குப் பிரச்சினை.

புதிய காயை ஒரு ஸ்பூன் அளவுக்கு மட்டும் வையுங்கள். சாப்பிடச் சொல்லாதீர்கள். நீங்கள் சாப்பிடுங்கள், அவன் பார்க்கட்டும். ஒரு காய் பழக்கமாவதற்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகலாம். நாம் இரண்டு தடவை வைத்துவிட்டு "இவனுக்குப் பீர்க்கங்காய் ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஒரு வாரத்துக்கு ஒரு மாதிரிப் பட்டியல் சொல்கிறேன். திங்கள் இட்லி, காய் போட்ட சாம்பார். செவ்வாய் முருங்கைக்கீரை அடை, தொட்டுக்கொள்ள வெல்லம். புதன் சப்பாத்தி, கொண்டைக்கடலைக் குருமா, தயிர். வியாழன் காய்கறிக் கிச்சடி, தேங்காய்ச் சட்னி. வெள்ளி எலுமிச்சை சாதம், சுண்டல், அப்பளம். சனி கம்பு தோசை அல்லது குழிப்பணியாரம். ஞாயிறு சோறு, முட்டைக் குழம்போ மீன் குழம்போ, கூட ஒரு கிண்ணம் பருப்பு. பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். "இன்னைக்கு என்ன?" என்ற கேள்விக்குக் கதவு பதில் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு என்பதை மட்டும் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்.

இனி நேரம். நம் குடியிருப்பில் பெரிய வில்லன் சாயங்காலம்தான். பள்ளி வேன் ஐந்து மணிக்கு இறக்கிவிட்டால் பசி இருக்கத்தான் செய்யும். அப்போது சுண்டலோ, பழமோ, அவலோ வயிறாரக் கொடுங்கள். ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். ஏழரைக்குச் சாப்பாடு. ஆறரைக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ், ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பால் என்று போனால், எட்டு மணிக்கு அரசனுக்கு வைக்கும் விருந்தை வைத்தாலும் இறங்காது. தாத்தா பாட்டிகளுக்கும் இதைச் சொல்கிறேன். முந்தானையில் முடிந்து வைத்த மிட்டாயை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. சோறு இறங்காத பிள்ளைக்குப் பாலாவது குடிக்கட்டும் என்று மூன்று நான்கு டம்ளர் கொடுப்பது வழக்கம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பால் பசியை அடைத்துவிடும். பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இதில் உண்டு. அதனால் கீரை, பயறு, முட்டை, மீன் தட்டில் வரட்டும். கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, தக்காளி அல்லது நெல்லிக்காய் இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், அது சத்தைத் தடுக்கும்.

நம் பக்கம் முந்திரி ஊர். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று எங்கே போனாலும் முந்திரித் தோப்பு. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழு முந்திரி, முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். அரைத்துக் குருமாவில் சேருங்கள், பொடித்துக் கிச்சடியில் போடுங்கள்.

"ஒன்றுமே சாப்பிடாமல் படுத்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். ஆரோக்கியமான பிள்ளை ஒரு ராத்திரி கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு வேளையைப் பார்க்காதீர்கள், ஒரு வாரத்தைப் பாருங்கள். திங்களன்று கொறித்தவன் புதனன்று மூன்று சப்பாத்தி தின்பான். தட்டைக் காலி செய்தால் ஐஸ்கிரீம் என்று பேரம் பேசாதீர்கள். அப்படிப் பேசினால் காய் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். போனைக் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும், ஆனால் வயிறு நிறைந்தது பிள்ளைக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் "அடம்" என்று தள்ளிவிடவும் கூடாது. எடை கூடாமல் நிற்கிறது அல்லது குறைகிறது, விழுங்கும்போது இருமல், குமட்டல் வருகிறது, முகம் வெளிறியிருக்கிறது, மண்ணோ சாக்பீஸோ தின்கிறது, விரல்விட்டு எண்ணும் சில பொருட்களைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்ப்பார்கள், அதற்குக் கூச்சம் வேண்டாம். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15 அன்று நம் அரியலூர் மாவட்டத்து வாரணவாசி அங்கன்வாடி மையத்தில்தான் தொடங்கப்பட்டது. குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாட்களையும் தவறவிடாதீர்கள். வயிற்றில் பூச்சி இருந்தால் பசி எடுக்காது.

அப்பாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை நம் வாயைப் பார்த்துத்தான் சாப்பிடக் கற்கிறது. அப்பா கத்தரிக்காயை ஓரம் ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும். அப்பா டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்தால் பிள்ளையும் அங்கேதான் உட்காரும். வாரத்தில் நான்கு நாளாவது எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். அம்மாவும் உட்கார வேண்டும், பரிமாறிக்கொண்டே நிற்கக் கூடாது. பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டால் அவரவர் போட்டுக்கொள்ளலாம். தானே எடுத்துப் போட்டுக்கொண்ட சோற்றைப் பிள்ளை அவ்வளவு எளிதாக மிச்சம் வைக்காது.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு கோரிக்கை. ஆடிப்பெருக்கன்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போனால் நம் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுகின்றன என்று பார்த்திருப்பீர்கள். வீட்டில் தொடாத புளி சாதத்துக்கு அங்கே சண்டை நடக்கும். நாம் சின்ன வயதில் வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு வாங்கிக் கூட்டாஞ்சோறு ஆக்கினோமே, அதை மாதம் ஒருமுறை நம் மொட்டை மாடியில் நடத்தலாம். கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம். காய் கழுவுவது, பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் பிள்ளைகள் வேலை. அடுப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டும். ஒரே சாப்பாடு, ஒரே வரிசை, யாரும் யாரையும் கெஞ்சக் கூடாது. முதல் மாதம் அண்டாவுக்கு நான் பொறுப்பு. கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பெயரோடு பிள்ளைக்கு ஒவ்வாத உணவு ஏதாவது இருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

 மணி ஏழே கால். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை எடுத்து வையுங்கள்.