அபராதத்தைக் குறைக்கும் வழி



தமிழில் 'அபராதம்' என்றால் நாம் கட்டவேண்டிய பணம். இந்தியில் 'அபராத்' என்றால் செய்த குற்றம். அதற்காகச் செலுத்தும் பணத்தை 'ஜுர்மானா' என்பார்கள். இவ்விரு மொழிகளுக்கிடையே நாள்தோறும் போய்வரும் நமக்கு இவ்வேறுபாடு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. பணத்தையே நோக்குகிறவன் கண்ணுக்குக் குற்றம் தெரியாது; குற்றத்தை நீக்குகிறவனுக்கோ பணமும் குறையும்.

தில்லியின் தென்மேற்கே அமைந்த துவாரகாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் பலர் இன்று பிறருக்கு வேலை கொடுக்கும் நிலையில் இருக்கின்றனர். உணவு விடுதி, தையற்கூடம், அச்சகம், கட்டட ஒப்பந்தம் எனத் தொழில்கள் பலவாகும். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே வேலை செய்கின்றனர். சிலர் இரவில் அங்கேயே உறங்கவும் செய்கின்றனர். அவர்களைப் பெற்றவர்கள், "உங்களை நம்பித்தான் அனுப்புகிறோம்" என்று சொல்லியே இரயிலேற்றி விடுகின்றனர். ஆகவே, தொழிற்கூடத்தின் பாதுகாப்பு நமக்குச் சட்ட விஷயம் மட்டுமன்று.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி பொதுவான விதிமீறலுக்கு விதிக்கத்தக்க அபராதம் ரூ. 1 லட்சம் வரை இருந்தது. 2020இல் இயற்றப்பெற்ற தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தனியே தண்டனை குறிக்கப்படாத மீறலுக்கு அது விதிக்கும் தொகை ரூ. 2 லட்சத்துக்குக் குறையாது; ரூ. 3 லட்சம் வரை போகலாம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு ரூ. 2,000 வரை மேலும் சேரும். கடமை தவறியதால் உயிரே போயிற்றென்றால், இரண்டாண்டு வரை சிறை, அல்லது ரூ. 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கை இறந்தவர் குடும்பத்துக்கு அளிக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம்.

இத்தொகையைக் குறைக்கச் சட்டமே ஒரு வழி காட்டியிருக்கிறது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமாயின், உச்சத் தொகையில் பாதியைச் செலுத்தி வழக்கை இணக்கமாக முடித்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கத்தக்கதாயின் அது முக்கால் பங்காகும். முன் செய்த பிழையையே சட்டம் குறித்த காலத்துக்குள் மறுபடியும் செய்தவருக்கு இச்சலுகை இல்லை. உயிர்ச் சேதத்துக்குக் காரணமானவருக்கும் இல்லை.

நோட்டீஸ் கைக்கு வந்ததும் செய்யவேண்டியவை சில உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் அதனை, மொழியறிந்த ஒருவரைக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தறிய வேண்டும். எந்தப் பிரிவு, எந்தக் குறை, பதில் தரவேண்டிய நாள் எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தபடியாக, பதில் எழுதும் முன்பே குறையை நீக்க வேண்டும். நீக்கியதற்கான புகைப்படமும் ரசீதும் பதிலுடன் சேரட்டும். குற்றச்சாட்டு தவறானால் ஆதாரத்துடன் மறுக்கலாம், மேல்முறையீடும் செய்யலாம், ஆனால் தவணை தப்பக்கூடாது. விளங்காத தாளில் கையெழுத்திடுவதும், "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்னும் தரகரை நம்பிக் குறையை அப்படியே விட்டுவைப்பதும் கூடவே கூடா. நாளொன்றுக்கு ரூ. 2,000 தரகரின் வாய்ச்சொல்லால் நிற்பதில்லை.

அபராதம் குறைவதால் துன்பமும் குறைந்துவிடுமா? தில்லி நகரமே இதற்கு விடை கூறும். தென்தில்லி கிரீன் பார்க் பகுதியிலிருந்த உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13ஆம் நாள் தீப்பற்றியது. கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் இருந்த மின்மாற்றியிலிருந்து எழுந்த புகை மேல்மாடத்தை நிறைத்தது. அங்கே கூடுதல் இருக்கைகளால் வெளியேறும் வழி குறுக்கப்பட்டிருந்தது. 59 பேர் மாண்டனர். 2003இல் உயர் நீதிமன்றம் நஷ்டஈட்டுக்கு மேல் தண்டமாக விதித்த ரூ. 2.5 கோடியை உச்ச நீதிமன்றம் 2011இல் ரூ. 25 லட்சமாகக் குறைத்தது. குற்ற வழக்கில் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவர், கூடுதல் சிறைக்கு ஈடாக ரூ. 100 கோடி பெற்று விபத்துச் சிகிச்சை மையம் அமைக்கலாம் என்றார். அதற்கு அவர் குறித்த இடம் நமது துவாரகா. 2015இல் அத்தொகை ரூ. 60 கோடியாயிற்று. 2017இல் உரிமையாளர் ஒருவர் எஞ்சிய சிறைக்காலத்தையும் அனுபவிக்குமாறு ஆணையாயிற்று. இருபதாண்டு வழக்கில் தொகை ஏறியும் இறங்கியும் மாறியது; 59 என்ற எண் மட்டும் மாறவில்லை. அந்த இருக்கைகளை அகற்ற எவ்வளவு செலவாகியிருக்கும்?

மேற்குத் தில்லியின் முண்ட்காவில் 2022 மே 13ஆம் நாள் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் தீ மூண்டு 27 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கிருந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். தப்பிச் செல்ல அங்கே இருந்தது ஒரே படிக்கட்டு.

ஆகையால், ஆய்வாளர் வருமுன் நாமே நமக்கு ஆய்வாளர் ஆவோமாக. இன்றிரவு கடையைச் சாத்துமுன் ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். படிக்கட்டில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறதா? வாசலை அடைத்துக்கொண்டு எரிவாயு சிலிண்டர் நிற்கிறதா? ஒரே மின்செருகியில் நான்கு இயந்திரங்கள் ஓடுகின்றனவா? எல்லாவற்றிற்கும் மேலாக, உள்ளே பிள்ளைகள் உறங்கும்போது ஷட்டரை இழுத்து வெளியே பூட்டிவிட்டுச் செல்கிறோமா? திருட்டுக்கு அஞ்சிப் போடும் அப்பூட்டு தீக்கு அஞ்சாது. அதனை உட்புறமாகப் போட்டு, சாவி உள்ளே இருப்பவர் கையில் இருக்கட்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. அபராதத்தைக் குறைக்கும் வழிகளுள் இதுவே முதன்மையானது.