புதுவை வணிகர் விட்டுச் சென்ற செல்வம்

(கல்விச் சுற்றுலாவாகப் புதுச்சேரிக்கு வந்த ஊராட்சி உறுப்பினர், உழவர் ஆகியோரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை நாம் அனைவரும் புதுச்சேரி நகரின் ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு பழைய மாளிகையைக் கண்டோம். கீழ்த்தளம் நம் நாட்டு முறையில் மரத்தூண்களோடும், மேல்தளம் பிரெஞ்சு முறையில் சுதைத் தூண்களோடும் அமைந்திருக்கக் கண்டு வியந்தோம். இவ்வீட்டிற்கு உரியவர் யாவர், அவர் வாழ்விலிருந்து உழவர்க்கும் ஊராட்சிக்கும் கிட்டும் பாடம் யாது என்று நம்மில் சிலர் வினவினர். அவ்வினாவிற்கு விடையாகச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, மைத்துனர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்றுக் குடும்பத்தோடு புதுச்சேரியில் குடியேறினார். நைனியப்பர் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக விளங்கியவர். 1716-இல் அவர்மீது குற்றம் சாட்டிச் சிறையிலிட்டனர். உடைமைகளைப் பறிமுதல் செய்தனர். 1717-இல் அவர் சிறையிலேயே உயிர் நீத்தார். சாட்சிகள் தமக்குப் படிக்கத் தெரியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட தாள்களில் கையொப்பமிட்டனர் என்பது பின்னர் எழுந்த முறையீட்டின் வாதங்களுள் ஒன்று. குடும்பத்தார் பிரான்சு நாடு வரை சென்று முறையிட்ட பின்னரே அவர்மீது சுமந்த பழி நீங்கியது. போன உயிரோ மீளவில்லை.

இக்குடும்பத்தில் வளர்ந்த ஆனந்தரங்கர் சிறந்த வணிகரானார். பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வாணிகத்தை மேற்பார்த்தார். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் சொந்தச் செலவில் வணிக நிலையங்களை நிறுவினார். ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கும் உரிமையாளராயிருந்தார். 1747-இல் ஆளுநர் துய்ப்ளே அவரைத் தலைமைத் துபாஷியாக நியமித்தார்.

ஆயினும் அவருடைய பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது கப்பலாலும் அன்று, பதவியாலும் அன்று. 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் முதல் அவர் தமிழில் எழுதி வந்த தினப்படிச் செய்திக் குறிப்பே அதற்குக் காரணம். கப்பல் வரவும் சரக்கு வரவும், ஆளுநர் மொழிந்ததும் கடைவீதியில் பேசப்பட்டதும், 1748-இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்ட செய்தியும், தம் இல்லத்து நன்மை தீமைகளும் அதில் இடம் பெற்றுள்ளன. இலக்கண நடையை நாடாது, பேசியவாறே எழுதினார். தம் காலத்துச் சாதிப் பற்றையும் தற்பெருமையையும் அவர் கடந்தவர் அல்லர். அவையும் அவ்வேட்டிலேயே காணக்கிடக்கின்றன.

மங்கைத்தாயி அம்மையாரை மணந்து, மூன்று பெண்மக்களையும் இரண்டு ஆண்மக்களையும் பெற்றார். ஆண்மக்கள் இருவரும் நெடுநாள் வாழ்ந்திலர். 1756-இல் பதவியும் போயிற்று, உடல்நலமும் குன்றியது. 1761-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் அவர் மறைந்தார். நான்கே நாள் கழித்து, 16-ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் நகரின் பெரும்பகுதி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

செல்வம் சென்றது, ஏடு நின்றது. பெரியப்பாவின் பணியைத் தம்பி மகன் ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து எழுதினார். அவருக்குப் பின் முத்து விஜயத் திருவேங்கடம் பிள்ளையும் நாட்குறிப்பு எழுதினார். தந்தை மகனுக்கு நிலத்தை விட்டுச் செல்வது போல, அக்குடும்பம் எழுதும் பழக்கத்தை விட்டுச் சென்றது. 1846-இல் கலுவா மொம்பிரன் என்னும் பிரெஞ்சு அதிகாரி அவ்வேடுகளைக் கண்டறிந்து படியெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது.

நிற்க. நம் ஊர்களின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியுள்ளது என்று படியாமலே கையொப்பமிடும் உறுப்பினர் நம்மிடையே இல்லையா? பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கும் உழவர் இல்லையா? கடன் வாங்கிய நாளையும் திருப்பிச் செலுத்திய தொகையையும் நினைவை மட்டும் நம்பி வைத்துக்கொண்டு, பின்னர் வழக்கில் தோற்ற குடும்பங்களை நாமே கண்டிருக்கிறோம். முந்நூறு ஆண்டுகட்கு முன் நைனியப்பர் குடும்பம் பட்ட துயரம் இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை.

ஆகவே, ஊர் திரும்பியதும் நாம் செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, கிராம சபைத் தீர்மானங்களை எழுதி முடித்த பின்பு, கலையுமுன் அச்சபையிலேயே உரக்கப் படித்துக் காட்டச் செய்தல் வேண்டும். இரண்டாவது, படித்துப் பொருள் விளங்காத எத்தாளிலும் கையொப்பமிடலாகாது. விளக்கம் கேட்பது இழிவன்று, உரிமையே ஆகும். மூன்றாவது, ஒவ்வோர் உழவர் வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருத்தல் வேண்டும். விதைத்த நாள், இட்ட உரம், கொடுத்த கூலி, விற்ற விலை, வாங்கிய கடன் ஆகியவற்றை அன்றன்றே அதில் எழுதி வருதல் வேண்டும். நமக்கு எழுத வராவிடில், பள்ளி செல்லும் மகளையோ மகனையோ கொண்டு எழுதுவிப்போம். வீட்டின் வரவு செலவைப் பிள்ளைகளும் அறிந்து வளர்வார்கள்.

ஆனந்தரங்கர் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. நமக்கு எவ்வயதாயினும் இன்றே தொடங்கலாம். திரும்பும் வழியில், பேருந்து ஏறுமுன், ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வாங்கிச் செல்வோமாக. முதற் பக்கத்தில் இன்றைய தேதியைக் குறிப்போமாக.