கண்ணாடியைக் கழற்றும் முன்...

(“லேசர் கண் சிகிச்சை: தேவையா, ஆசையா?” எனும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சிங்கப்பூர் இளையர்களில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குக் கிட்டப்பார்வை உண்டு. ஆகவே, “லேசர் செய்துகொள்ளலாமா?” என்ற கேள்வி இன்று பெரும்பாலான வீடுகளில் எழுகிறது. செய்யலாம், செய்யக்கூடாது என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. முடிவெடுக்கும் முன் எதை எடைபோட வேண்டும் என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இச்சிகிச்சையில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில் எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். அக்கம்பக்கம் கருகாமல் திசு துல்லியமாக அகன்றது. சாமுவேல் புளூம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன் அவர் செய்த அந்த ஆய்வுதான் பின்னர் கண் சிகிச்சைக்கு வழி திறந்தது.

லேசர் என்ன செய்கிறது? கண்ணின் முன்புறத்தில் தெளிந்த கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா படலத்தைச் செதுக்கி, அதன் வளைவை மாற்றுகிறது. அந்தப் படலத்தின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதலான கனம் கொண்டது. அவ்வளவுதான் நம் கையிருப்பு.

இந்தக் கணக்கை ஓர் உண்மை நிகழ்வைக் கொண்டு விளக்குகிறேன். என் அண்ணன் மகளுக்கு 800 டிகிரி. பெண் பார்க்க வந்தவர்கள், “பெண் நன்றாக இருக்கிறாள். லேசர் செய்து கண்ணாடியை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்” என்றார்கள். வீட்டிலும் சரி என்றார்கள். பரிசோதனையில் அவளுடைய கார்னியா 490 மைக்ரான் என்று தெரிந்தது.

லேசிக் முறையில் முதலில் ஏறக்குறைய 110 மைக்ரான் கனமுள்ள மேலடுக்கை மூடிபோல் திறப்பார்கள். பிறகு 100 டிகிரிக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். 800 டிகிரிக்கு 100 முதல் 120 வரை போய்விடும். மிச்சம் 260 முதல் 280. அடியில் குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் நீண்டகாலமாகப் பின்பற்றும் எல்லை. 300 வேண்டும் என்று கருதுவோரும் உண்டு. படலம் மிக மெலிந்தால், பிற்காலத்தில் அது முன்னே பிதுங்கிப் பார்வையையே கெடுத்துவிடக்கூடும்.

“செய்யலாம், ஆனால் விளிம்பில் இருக்கிறீர்கள்” என்றார் மருத்துவர். மூடி திறக்காத பிஆர்கே முறை, சிறு துளை வழியே செய்யும் ஸ்மைல் முறை, கண்ணுக்குள் வில்லை பொருத்தும் முறை ஆகியவற்றையும் விளக்கினார். அவள் வீட்டுக்கு வந்து, “எனக்குத் தேவை என்று தோன்றும் நாளில் செய்துகொள்கிறேன். இன்னொருவர் வைக்கும் நிபந்தனைக்காகக் கண்ணைக் கொடுக்க மாட்டேன்” என்றாள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. குடும்பத்தில் சிலருக்கு வருத்தம்தான். எனக்கு அந்தப் பெண்ணின் மீது மரியாதை கூடியது.

அதற்காக லேசரே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். தகுந்த கண்ணுக்கு இது நல்ல பலன் தரும் சிகிச்சை. செய்துகொண்டோரில் மிகப் பெரும்பாலோர் மனநிறைவுடன் இருக்கிறார்கள். ஆனால் லேசர் எதைச் செய்யாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, நாற்பது வயதுக்குப் பிறகு வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. நாளிதழ் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். இரண்டு, கிட்டப்பார்வையில் நீண்டுபோன விழி நீண்டபடியேதான் இருக்கும். விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் ஆகியவற்றின் அபாயம் கண்ணாடியோடு சேர்ந்து கழன்றுவிடாது. ஆகவே ஆண்டுதோறும் பரிசோதனை தொடர வேண்டும். மூன்று, கண் உலர்வும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் பலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்கு நீடிக்கும். இரவில் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்கள் இதை நன்கு யோசிக்க வேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், ஓராண்டாக டிகிரி நிலைக்காதவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் காத்திருப்பதே முறை. கூம்பு வடிவக் கார்னியா உள்ளவர்களுக்கு லேசிக் ஆகாது. காண்டாக்ட் லென்ஸ் அணிவோர், மருத்துவர் சொல்லும் நாள்களுக்கு அதைக் கழற்றி வைத்த பிறகே அளவெடுக்கச் செல்ல வேண்டும். இல்லையேல் அளவே தவறிவிடும்.

கண்ணாடியைக் கழற்றுவதற்காக மட்டும் செய்துகொண்டால் மெடிசேவ் கைகொடுக்காது. சலுகை விலை விளம்பரத்தைப் பார்க்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் கார்னியாவின் கனம் எவ்வளவு? செதுக்கிய பின் எவ்வளவு மிஞ்சும்? என் கண்ணுக்கு எந்த முறை பொருந்தாது, ஏன்? செய்துகொண்டால், பழைய அளவுக் குறிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் கண்புரை அறுவைக்கு வில்லை தேர்ந்தெடுக்க அவை உதவும்.

கண்ணாடி பிடிக்காவிட்டால் மறுநாளே மாற்றிவிடலாம். செதுக்கிய படலத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே அவசரம் வேண்டாம். அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் தேவைக்காக நீங்களே முடிவெடுங்கள்.