புலி மட்டுமே ஆடும் ஆட்டம்

(மைசூரு சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைப்பேசி விளையாட்டைத் திட்டாத வீடு நம் குடியிருப்பில் கிடையாது. இன்று அப்படி ஒரு விளையாட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். மேடையில் பேச இதுவா பொருள் என்று சில பெரியவர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அதன் பெயர் 'போன் ஸ்டோரி'. இத்தாலிக்காரர் பாவ்லோ பெதெர்சினி தொடங்கிய மோலேஇண்டஸ்ட்ரியா 2011-இல் வெளியிட்ட நையாண்டி விளையாட்டு. ஊரில் நாம் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் ஒருவர் ஆடு, ஒருவர் புலி. இதிலோ ஆடுகிறவருக்குக் கிடைப்பது புலி மட்டுமே. முதலில் காங்கோ நாட்டுச் சுரங்கம். கைப்பேசிக்கு வேண்டிய கோல்டான் கனிமத்தைச் சிறுவர்கள் தோண்டுகிறார்கள். சோர்ந்து நிற்கும் பிள்ளையைத் துப்பாக்கிக்காரனை ஏவி நீங்கள்தான் விரட்ட வேண்டும். மனம் இளகினால் தோல்வி! அடுத்தது சீனத்துத் தொழிற்சாலை. மாடியிலிருந்து தொழிலாளர்கள் விழுகிறார்கள். நீங்கள் வலையோடு கீழே ஓட வேண்டும். பிறகு கடையில் முண்டியடிக்கும் கூட்டத்துக்குக் கைப்பேசியை வீசுவது. கடைசியில் பாகிஸ்தானில் அதே பொருளைக் குப்பையாக உடைப்பது.

வலை கற்பனை அல்ல, தோழர்களே. 2010-இல் சீனாவின் ஃபாக்ஸ்கான் ஆலைகளில் 14 தொழிலாளர்கள் தற்கொலை செய்து மாண்டார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. இந்தக் கதையைச் சொன்ன விளையாட்டை ஆப்பிள் நிறுவனம் சில நாளிலேயே தன் கடையிலிருந்து நீக்கிவிட்டது.

சீனா தூரம் என்பீர்கள். கோலார் மாவட்டத்து நரசாப்புரா தூரமா? அங்கே ஆப்பிள் கைப்பேசிகளைச் செய்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அன்று, சம்பளம் சரியாக வரவில்லை என்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ஒரு வாரம் கழித்து, சிலருக்குச் சம்பளம் ஒழுங்காகத் தரப்படவில்லை என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கணக்கைப் பார்க்கக் கண்ணாடி உடைய வேண்டியிருந்தது! உடைத்ததை நாம் மெச்சவில்லை. முன்கூட்டியே கேட்டிருக்கலாமே என்கிறோம்.

மறு ஆண்டு டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர். ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தார்கள். நம் தங்கைமார் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. அவர்கள் சாலையில் உட்கார்ந்ததால்தான் அந்த விடுதிச் சோறு உலகத்துக்குத் தெரிந்தது.

வேலை நேரத்துக்கு வருவோம். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் எதிர்த்ததால் திரும்பப் பெறப்பட்டது. கர்நாடகத்தில் அதே ஆண்டு அப்படிப்பட்ட திருத்தம் சட்டமாகவே ஆனது. அதில் ஒரு நிபந்தனை: தொழிலாளி எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். வேலை கேட்டு வாசலில் நிற்கும் 19 வயதுப் பெண் எந்தத் தாளில் கையெழுத்திட மறுப்பாள்? 1974 மே மாதம் 20 நாள் ரயிலை நிறுத்திய நம் மூத்தவர்கள் கேட்டவற்றில் எட்டு மணி நேரமும் ஒன்று. வேலை போய், சிறை போய்க் கேட்டார்கள்.

இப்போது நம் தெருவுக்கும் ஆள் சேர்க்க வருகிறார்கள். பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. வீட்டு வாடகை நமக்கும் தெரியும். தாளை மட்டும் கையெழுத்துக்கு முன் ஞாயிறு மாலை சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். கன்னடமோ ஆங்கிலமோ, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் பெயர், சம்பளம், பிடித்தம், வேலை நேரம் நான்கையும் நோட்டில் பதிந்துகொள்வோம். தாளைத் தர மறுத்தால், அதையும் வந்து சொல்லுங்கள்.