சபைக் கூச்சம்

இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டராகத் திரும்பிய மோகன்தாஸ் காந்தி, பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் தமது முதல் வழக்கை நடத்த எழுந்தபோது, தலை சுழன்று, குறுக்கு விசாரணைக்கு ஒரு கேள்வியும் தோன்றாமல் அப்படியே அமர்ந்து, 30 ரூபாய் பீஸையும் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டார். அவரே 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் முன்னிலையில், வாணிபத்திற்கும் சத்தியம் இன்றியமையாததென்று தடையின்றிப் பிரசங்கித்தார். சொல்லவேண்டிய விஷயத்தை முன்கூட்டியே சிந்தித்துச் சென்றதும், தம்மைப் பற்றிய நினைவை விட்டுக் கேட்போரின் க்ஷேமத்தையே கருதியதும் அவருக்குத் தைரியமளித்தன என்றே தோன்றுகிறது.

ஆகவே, மேடையேறுமுன் சபையோருக்குப் பயன்படும் ஒரே விஷயத்தைத் தேர்ந்து, வீட்டிலே நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல் வாக்கியம் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். சபைக் கூச்சம் பிறவிக்குணமன்று, அப்பியாசத்தால் அகலக்கூடியதே.